விஆர்எஸ் வாங்கின பிறகு தூக்கம் ஏன் இப்படி மாறுது? கொஞ்சம் விரிவா பார்ப்போம்



நம்ம குழுவில் 50 வயதைத் தாண்டியவர்கள் நிறைய பேர் இருக்கீங்க. அதில் கடைசி நாள் வரை காத்திருக்காமல், முன்கூட்டியே வேலையை விட்டு வந்தவர்களும் கணிசமா இருக்கீங்க. வங்கி, டெலிபோன், மில், தனியார் கம்பெனி என்று இடம் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் வெளியே வரும்போது எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இனிமே அலாரம் வைக்க வேண்டாம்பா, நிம்மதியா தூங்கலாம்."

அதே ஆளை ஆறு மாதம் கழித்துக் கேட்டுப் பாருங்க. "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது, அப்புறம் கொட்டக் கொட்ட முழிச்சிட்டு இருக்கேன். மதியம் சாப்பிட்டா கண்ணு சொக்குது" என்பார். இன்னொருவர், "30 வருஷம் தூங்காத தூக்கத்தை எல்லாம் இப்பதான் தூங்குறேன்" என்று சந்தோஷமாகச் சொல்வார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்பதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம்.

நான் டாக்டர் இல்லைங்க. படிச்சது இன்ஜினியரிங், பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. எங்க வீட்டிலேயே இந்தப் பிரச்சினை வந்ததால் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததை, வீட்டில் செய்து பார்த்ததை, உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் இது ஏதோ நாலு பேர் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2000-01ல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது நாடு முழுக்க ஒரு லட்சம் பேர் அளவில் வெளியே வந்தார்கள். பிஎஸ்என்எல்லில் 2019 நவம்பரில் அறிவித்த திட்டத்தில், 50 வயது நிறைந்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். 78,000 பேருக்கு மேல் விண்ணப்பம் கொடுத்து, 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வீட்டுக்கு வந்தார்கள். அந்த நிறுவனத்தின் ஊழியர்களில் ஏறத்தாழ பாதி! ஒரே நாளில் அத்தனை வீடுகளில் காலை அலாரம் நின்றது. அந்த அத்தனை வீடுகளிலும் தூக்கம் என்ன ஆச்சு என்று யாரும் பெரிதாகப் பேசவில்லை. பென்ஷன், கிராஜுவிட்டி, லீவ் சம்பளம் பற்றித்தான் பேச்சு எல்லாம்.

ஆனால் பிரான்ஸ் நாட்டில் இதைக் கேட்டிருக்கிறார்கள். அங்கே மின்சாரம், எரிவாயு வழங்கிய அரசு நிறுவன ஊழியர்களை 1989லிருந்து வருஷா வருஷம் கேள்வித்தாள் அனுப்பி விசாரித்து வந்தார்கள். காஸெல் ஆய்வு என்று பெயர். அந்த நிறுவனத்தில் 55 வயதை ஒட்டியே ஓய்வு பெற்றுவிடலாம். ஓய்வு பெற்ற 14,714 பேரிடம், ஓய்வுக்கு முன் ஏழு வருஷம், பின் ஏழு வருஷம் என்று தூக்கத்தைப் பற்றிக் கேட்ட பதில்களை எடுத்து 2009ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓய்வுக்கு முந்தைய வருஷம் 24.2 சதவீதம் பேருக்குத் தூக்கக் கோளாறு இருந்தது. ஓய்வுக்கு அடுத்த வருஷம் அது 17.8 சதவீதமாக இறங்கியது. அதாவது வேலையை விட்டதும் தூக்கம் கெடவில்லை, நன்றாகத்தான் ஆகியிருக்கிறது.

"அப்புறம் என்னப்பா பிரச்சினை?" என்று கேட்பீங்க. அந்தக் கட்டுரையிலேயே மூணு விஷயம் இருக்கு, கவனிங்க. ஒன்று, அந்த ஊழியர்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் பென்ஷனாக உறுதியாகக் கிடைத்தது. இரண்டு, உடல்நிலை சரியில்லாமல் வேலையை விட்டவர்களுக்கு மட்டும் தூக்கக் கோளாறு குறையவில்லை, கூடியது. மூன்று, ஆண்களுக்குக் கிடைத்த நிம்மதி பெண்களுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. இந்த மூன்றாவது விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். இப்போதைக்கு ஒன்றை மட்டும் மனசில் வச்சுக்கோங்க. வேலையின் பாரம் இறங்கினால் தூக்கம் வரும் என்பது உண்மை. ஆனால் வேலை நமக்குப் பாரத்தை மட்டும் கொடுக்கவில்லை. ஒரு நேரத்தையும் கொடுத்தது. பாரம் போகும்போது அந்த நேரமும் சேர்ந்து போய்விடுகிறது. அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்குது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு குகைக்குப் போக வேண்டும்.

1962ல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர், ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் தனியாக இறங்கினார். கையில் கடிகாரம் கிடையாது, காலண்டர் கிடையாது, சூரிய வெளிச்சம் கிடையாது. பசிச்சா சாப்பாடு, தூக்கம் வந்தா தூக்கம். மேலே இருக்கும் நண்பர்களுக்கு, தான் எழுந்ததையும் படுப்பதையும் போனில் சொல்வார். அவர்கள் நேரம் சொல்ல மாட்டார்கள். இரண்டு மாதம் போல ஆனது. செப்டம்பர் 14 அன்று "நேரம் முடிஞ்சுது, வெளியே வா" என்று கூப்பிட்டபோது, அவர் கணக்குப்படி அன்று ஆகஸ்ட் 20தான்! 25 நாளை எங்கேயோ தொலைத்துவிட்டிருந்தார். ஆச்சரியம் என்னவென்றால், நாள் கணக்கு அவருக்குக் குழம்பினாலும் உடம்பு குழம்பவில்லை. 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான ஒரு சுற்றில் அது தூங்கி எழுந்துகொண்டுதான் இருந்தது.

நமக்குள்ளே ஒரு கடிகாரம் இருக்கு என்பதற்கு அது நல்ல அத்தாட்சி. மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கே கடக்கிற இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சின்னக் கூட்டம்தான் அந்தக் கடிகாரம். 1999ல் ஹார்வர்டில் துல்லியமாக அளந்து பார்த்ததில், அதன் ஒரு சுற்று சராசரியா 24 மணி 11 நிமிஷம் என்று வந்தது. அந்த 11 நிமிஷத்தைச் சும்மா விட்டுடாதீங்க.

என் வேலையில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆபீஸில் இருக்கும் ஒவ்வொரு சர்வருக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடும். தனியாக விட்டால் அது ஒரு நாளைக்குக் கொஞ்சம் முன்னே பின்னே நகரும். அதனால் எல்லா சர்வரும் அடிக்கடி ஒரு பொதுக் கடிகாரத்தைக் கேட்டு, தன்னைத் திருத்திக்கொள்ளும். அந்தத் தொடர்பை அறுத்துவிட்டால் உடனே எதுவும் ஆகாது. ஒரு வாரம் சரியாகவே ஓடும். ஒரு மாதம் கழித்து லாக் எல்லாம் தப்புத் தப்பான நேரத்தில் பதிவாகி இருக்கும். நம்ம உடம்புக்கு அந்தப் பொதுக் கடிகாரம் சூரியன். காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் உள்ளே இருக்கும் கடிகாரம் அந்த 11 நிமிஷத்தைப் பின்னுக்கு இழுத்துச் சரி செய்துகொள்கிறது.

வேலைக்குப் போன காலத்தில் இது தானாக நடந்தது. எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். வண்டியில் போனோம். நமக்குத் தெரியாமலே கண் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டது. வீட்டுக்குள் டியூப் லைட் போட்டால் 100 முதல் 300 லக்ஸ் வெளிச்சம் இருந்தால் அதிகம். வெளியே நிழலில் நின்றாலே பல ஆயிரம் லக்ஸ். மேகமூட்டமான நாளில்கூட அப்படித்தான். நம்ம கண்ணுக்கு இரண்டும் "வெளிச்சம்" என்று ஒன்றாகத் தெரியும். கடிகாரத்துக்கு அது இருட்டும் பகலும் மாதிரி. ஓய்வு பெற்றவர் காலையில் எட்டு மணிக்கு எழுந்து, ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்து, டிவி பார்த்து, 11 மணிக்குக் குளித்தால் அந்தக் கடிகாரம் கிட்டத்தட்ட குகைக்குள் இருக்குன்னு அர்த்தம். ஒரு விதத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஃபின்லாந்தில் குளிர்காலத்தில் காலை ஒன்பது மணிக்குக்கூட இருட்டாக இருக்கும். நம்ம சென்னையில் வருஷம் முழுக்க சூரியன் சுமார் 5.40க்கும் 6.35க்கும் நடுவில் வந்துவிடுகிறது. இலவசமாகக் கிடைப்பதை வேண்டாம் என்று திரை போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

இது ஒரு பாதி. இன்னொரு பாதி, நான் "தூக்கப் பசி" என்று சொல்வேன். 1982ல் அலெக்ஸாண்டர் போர்பேலி என்ற விஞ்ஞானி, தூக்கத்தை இரண்டு சக்திகள் சேர்ந்து நடத்துகின்றன என்று விளக்கினார். ஒன்று மேலே சொன்ன கடிகாரம். மற்றது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏறிக்கொண்டே போகும் தூக்க வேட்கை. மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற பொருள் சேரும். அது சேரச் சேர தூக்கம் அழுத்தும். தூங்கினால் அது வடியும். காபி செய்வது என்ன? அந்த அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். பசி இருக்கும், தெரியாது.

வயிற்றுப் பசி மாதிரியே யோசிங்க. நாலு மணிக்கு இரண்டு பஜ்ஜி, ஐந்து மணிக்கு முறுக்கு என்று கொறித்துக்கொண்டே இருந்தால், எட்டு மணிக்கு இலை போட்டாலும் சாப்பிட முடியாது. மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கி, சாயங்காலம் டிவி முன்னாடி அரை மணி நேரம் கண் அசந்துவிட்டு, ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்தால் தூக்கம் எப்படி வரும்? வேலைக்குப் போகும்போது 16 மணி நேரம் விழித்திருந்த உடம்பு, இப்போ அதில் பாதிப் பசியோடு படுக்கைக்குப் போகுது.

எங்க அப்பா 2020 ஜனவரி 31 அன்று வந்தவர்களில் ஒருவர். அப்போ அவருக்கு 54. எக்ஸ்சேஞ்சில் பல வருஷம் ஷிப்ட் பார்த்தவர். முதல் ஒரு மாதம் வீட்டில் ஒரே உற்சாகம். எட்டு மணி வரை தூங்கினார். யாரும் எழுப்பவில்லை, பாவம் இத்தனை வருஷம் ஓடினவர் என்று. இரண்டு மாதம் முடிவதற்குள் மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது. நண்பர்கள் இல்லை, கடைத்தெரு இல்லை, வாக்கிங் இல்லை. நான் அப்போதுதான் வேலையில் சேர்ந்த புதுசு, லேப்டாப்போடு வீட்டுக்கே வந்துவிட்டேன். ஜூன் மாதம் பார்க்கிறேன், அப்பா ராத்திரி மூணு மணிக்கு ஹாலில் விளக்கு போடாமல் உட்கார்ந்திருக்கிறார். "தூக்கம் வரலைப்பா, நீ போய்ப் படு" என்றார். பகலில் சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்தது. அப்பா கோபப்பட்டு நான் அதுவரை அதிகம் பார்த்ததில்லை.

அறிவுரை சொல்ல எனக்கு வயசு பத்தாது. அதனால் ஒரு தாள் போட்டேன். 14 நாள், நாளுக்கு ஒரு வரி. எத்தனை மணிக்குப் படுத்தார், சுமாரா எப்போ தூங்கினார், எத்தனை முறை முழித்தார், கடைசியா எப்போ எழுந்தார், பகல் தூக்கம் எவ்வளவு. அவ்வளவுதான். மணி பார்த்துத் துல்லியமாக எழுத வேண்டாம், காலையில் எழுந்ததும் மனசுக்குத் தோன்றுவதை எழுதினால் போதும். ராத்திரி கடிகாரத்தைப் பார்ப்பதே ஒரு கெட்ட பழக்கம், அது தனிக் கதை.

கூட்டிப் பார்த்தபோது அப்பாவுக்கே ஆச்சரியம். "நான் தூங்குறதே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ராத்திரியில் சராசரியா ஆறு மணி நேரம் தூங்கியிருந்தார். பகலில் ஒன்றரை மணி. ஆக ஏழரை. அவர் வயசுக்குப் பரிந்துரைப்பது 7 முதல் 9 மணி நேரம். 65 தாண்டினால் 7 முதல் 8. அப்போ தூக்கம் குறையவே இல்லை! பிரச்சினை எங்கே என்றால், அவர் படுக்கையில் இருந்தது பத்து மணி நேரம். இரவு ஒன்பதரைக்குப் படுத்து காலை ஏழரை வரை. ஆறு மணி நேரத் தூக்கத்தைப் பத்து மணி நேரத்துக்கு நீட்டினால் நடுவில் நாலு மணி நேரம் ஓட்டை விழும். ஒரு டம்ளர் மாவைப் பெரிய கல்லில் இழுத்த தோசை மாதிரி, அங்கங்கே கிழியும்.

வேலை இருந்தபோது படுக்கையில் இருக்கும் நேரத்தை ஆபீஸ் தீர்மானித்தது. இப்போ யாரும் தீர்மானிப்பதில்லை. இதைச் சரி செய்ய மருத்துவர்கள் கையாளும் முறைக்கு சிபிடி-ஐ என்று பெயர். நீண்ட நாள் தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னாடி இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற அமைப்பு 2016ல் பரிந்துரைத்தது. அதில் ஒரு பகுதி, படுக்கை நேரத்தைச் சுருக்குவது. கேட்டால் தலைகீழாக இருக்கும். தூக்கம் வராதவரை இன்னும் கொஞ்சம் லேட்டாகப் படு என்று சொல்வதா? ஆமாம், அதைத்தான் சொல்கிறார்கள். 14 நாள் சராசரி ராத்திரித் தூக்கத்தை எடுத்துக்கொண்டு, அதோடு அரை மணி சேர்த்து, அவ்வளவு நேரம் மட்டும் படுக்கை. எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் ஐந்தரை மணிக்குக் கீழே போகவே கூடாது.

அப்பாவுக்கு ஆறரை மணி நேரம் வந்தது. எழும் நேரத்தை முதலில் முடிவு பண்ணினோம்: காலை 5.45. அதிலிருந்து பின்னாடி எண்ணினால் படுக்கும் நேரம் 11.15. முதல் வாரம் கஷ்டமோ கஷ்டம். பத்தரைக்கே தலை தொங்கும். அம்மா, "பாவம்டா, மனுஷனைப் படுக்க விடு" என்பார். பதினோரேகால் வரை அப்பாவும் நானும் கேரம் விளையாடினோம். காலை 5.45க்கு, ராத்திரி எப்படிப் போயிருந்தாலும் சரி, எழுந்து நேரே மொட்டை மாடி. செடிக்குத் தண்ணி ஊற்றி, அரை மணி நேரம் நடை. வெளியே போக முடியாத காலம், வானம் மட்டும்தான் திறந்திருந்தது. பகல் தூக்கம் மூணு மணிக்கு முன்னாடி, சாய்வு நாற்காலியில் 20 நிமிஷம், அதுவும் முடியாத அன்றைக்கு மட்டும்.

இரண்டாவது வாரத்தில் அந்த மூணு மணி முழிப்பு குறைந்தது. படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் ஒரு வாரம் தொடர்ந்து தூங்கினால், 15 நிமிஷம் முன்னாடி படுக்கலாம் என்பது கணக்கு. அப்படி மூணு தடவை கூட்டினோம். இரண்டு மாதத்தில் இரவு பத்தரை, காலை 5.45 என்று நின்றது. இன்றைக்கும் கிட்டத்தட்ட அதுதான் அவர் நேரம்.

ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும். வலிப்பு நோய், பைபோலார் போன்ற மனநலப் பிரச்சினை இருப்பவர்கள், ராத்திரியில் எழுந்தால் தடுமாறி விழும் நிலையில் இருப்பவர்கள், வண்டி ஓட்டுவதே தொழிலாக இருப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் இந்தச் சுருக்கும் முறையைத் தொடாதீங்க. முதல் இரண்டு வாரம் பகலில் நிச்சயம் மயக்கமாக இருக்கும். அப்பா அந்த நாட்களில் ஸ்கூட்டரை எடுக்கவில்லை.

இன்னொரு வகை ஆட்களும் இருக்கிறார்கள். எங்க துறையில் இப்போ 40லேயே வேலையை விட வேண்டும் என்று கணக்குப் போடுபவர்கள் அதிகம். சேமிப்பு, முதலீடு என்று எக்செல் ஷீட் பத்து வருஷத்துக்கு ஓடும். எனக்குத் தெரிந்த ஒரு சீனியர் அண்ணா 42ல் அப்படி வெளியே வந்தார். பல வருஷம் அமெரிக்க நேரத்துக்கு மீட்டிங் பார்த்தவர். விட்ட பிறகு மீட்டிங் இல்லை, ஆனால் உடம்பு மட்டும் ராத்திரி இரண்டு மணி வரை மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தது! அவருக்குத் தூக்கம் குறைவு இல்லை, ஓட்டையும் இல்லை. படுத்தால் ஒரே தூக்கம்தான், இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரை. கடிகாரம் தள்ளிப் போய்விட்டது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்போது அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். குடும்பத்தோடு இருக்கத்தான் வேலையை விட்டேன், அதுவே நடக்கலை என்று வருத்தப்பட்டார்.

இவருக்கு அப்பாவுக்குச் செய்த வைத்தியம் பொருந்தாது. தள்ளிப்போன கடிகாரத்தை இழுக்க வேண்டும், அதுவும் மெதுவாக. பத்து மணிக்கு எழுபவர் திடீரென்று ஐந்து மணிக்கு எழுந்து வெளிச்சத்தில் நின்றால் பலன் எதிர்மாறாகக்கூடப் போகலாம். ஏனென்றால் அவர் உடம்புக்கு அது நடு ராத்திரி. நடு ராத்திரியில் படும் வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளும். அதனால் எழும் நேரத்தை இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை 15, 20 நிமிஷம் முன்னே கொண்டு வந்து, எழுந்த உடனே வெளியே போய் வெளிச்சம் வாங்க வேண்டும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் வீட்டு விளக்குகளைக் குறைத்து, மொபைலை வேறு அறையில் வைக்க வேண்டும். அண்ணாவுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போ பிள்ளைகளைப் பள்ளிக்கு அவரே கொண்டு போய் விடுகிறார். கிண்டலாக, "ஸ்கூல் பஸ்தான் என் புது மேனேஜர்" என்பார்.

நீங்கள் எந்த வகை என்று தெரியாமல் வாட்ஸ்அப்பில் வரும் குறிப்பை எல்லாம் செய்து பார்ப்பதால் பிரயோஜனம் இல்லை என்பது என் கருத்து. வெதுவெதுப்பான பால், ஜாதிக்காய், பாதத்துக்கு எண்ணெய், எதையும் நான் குறை சொல்லவில்லை. இதமாகத்தான் இருக்கும். ஆனால் பத்து மணி நேரம் படுக்கையில் கிடப்பவருக்கு ஜாதிக்காய் என்ன செய்யும்?

இப்போ பெண்கள் விஷயம். காஸெல் ஆய்வில் ஆண்களுக்கு அதிக நிம்மதி, பெண்களுக்குக் குறைவு என்று சொன்னேன் இல்லையா. மாதவிடாய் நிற்கும் வயதும் அதை ஒட்டியே வருவதால், உடம்பு சார்ந்த காரணங்கள் உண்டு. ஆனால் நம்ம வீடுகளைப் பார்த்தால் எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பெண் சமையலறையிலிருந்து ஓய்வு பெறுவதில்லை. ஆபீஸ் போகாத அம்மாக்களுக்கோ, கணவர் ஓய்வு பெற்றதும் வேலை கூடுகிறது. மதியம் சூடாக ஒரு சாப்பாடு, பதினோரு மணிக்கு ஒரு காபி, நாலு மணிக்கு ஒரு காபி. அப்பா மூணு மணிக்கு எழுந்து நடமாடிய அத்தனை நாளும் அம்மாவும் முழித்துக்கொண்டுதான் இருந்தார். வாயைத் திறந்து சொல்லவில்லை. அப்பாவுக்குப் போட்ட தாளில் அம்மாவுக்கும் ஒரு பத்தி சேர்த்தபோதுதான் தெரிந்தது, அவர் ராத்திரித் தூக்கம் ஐந்து மணி நேரம்தான். உங்கள் வீட்டில் தாள் போட்டால் இரண்டு பேருக்கும் போடுங்கள். அப்பா இப்போ காலை காபியைத் தானே போட்டுக்கொள்கிறார். அம்மா ஆறரை வரை தூங்குகிறார்.

காபி என்றதும் ஞாபகம் வருது. குடித்த காபியில் பாதி காஃபீன் உடம்பிலிருந்து வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்ட்ராங் ஃபில்டர் காபி குடித்தால் ராத்திரி பத்து மணிக்குப் பாதி உள்ளேதான் இருக்கும். மதியம் இரண்டோடு நிறுத்திப் பாருங்க.

மனசில் ஓடும் கவலை பற்றி ஒரு வார்த்தை. பிரான்ஸில் 80 சதவீதம் பென்ஷன் உறுதியாக இருந்தது. இங்கே முன்கூட்டியே வெளியே வந்தவருக்கு மகள் கல்யாணம் பாக்கி இருக்கும், வீட்டுக் கடன் பாக்கி இருக்கும். வந்த மொத்தத் தொகையை எங்கே போடுவது என்ற யோசனை சரியாக விளக்கை அணைத்ததும்தான் ஆரம்பிக்கும். "கவலைப்படாதீங்க" என்று சொல்வதால் அது போகாது. அப்பா செய்தது இதுதான்: சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு நோட்டை எடுத்து, மனசை அரிக்கும் விஷயங்களை வரிசையாக எழுதி, பக்கத்திலேயே நாளைக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலையை எழுதி, நோட்டை மூடி வைத்துவிடுவார். வங்கிக்குப் போய் வட்டி விகிதம் கேட்பது, எல்ஐசிக்கு ஒரு போன், அவ்வளவு. ராத்திரி அதே யோசனை வந்தால், "எழுதி வச்சாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அப்படியும் 20 நிமிஷம் போலத் தூக்கம் வரவில்லை என்றால் படுக்கையை விட்டு எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்பி வந்து படுக்க வேண்டும். படுக்கை என்றாலே புரள்வது என்று மூளை பழகிவிடக் கூடாது என்பதற்காக.

இன்னும் மூன்று மாதத்தில் வேலையை விடப் போகிறேன் என்று இருப்பவர்களுக்கு: ஒரு வாரம், பத்து நாள் ஆசை தீரத் தூங்குங்க, தப்பே இல்லை. ஃபின்லாந்தில் அரசு ஊழியர்களை ஆராய்ந்தபோது ஓய்வுக்குப் பிறகு தூக்கம் சராசரியா 20 நிமிஷம்தான் கூடியது. அதாவது உடம்பு கேட்கும் கூடுதல் அவ்வளவுதான். மூன்று மணி நேரம் கூட்டிக்கொண்டால் மீதி எல்லாம் புரளல்தான். பத்து நாள் முடிந்ததும் எழும் நேரத்தை ஒன்று முடிவு பண்ணி, அந்த நேரத்துக்கு வெளியே போகும்படி ஒரு வேலையை வச்சுக்கோங்க. பால் பூத், கோயில், பேரனை டியூஷன் விடுவது, எதுவாகவும் இருக்கட்டும். நமக்காக யாரோ காத்திருக்கும் வேலையாக இருந்தால் இன்னும் நல்லது. யாரும் காத்திருக்காத வாக்கிங் மழை வந்தால் நின்றுவிடும்.

இதெல்லாம் பழக்கத்தால் வரும் கோளாறுக்கு. நோயால் வருவது வேறு. சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்தால், அல்லது எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிந்தால், அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் இதை அலட்சியம் பண்ணக் கூடாது. ராத்திரி மூணு நாலு தடவை சிறுநீருக்கு எழுந்தால் சர்க்கரையையும், ஆண்கள் ப்ராஸ்டேட்டையும் பார்க்கணும். காலில் ஏதோ ஊர்வது போல இருந்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச் சத்தைச் சோதிக்கச் சொல்வார்கள். விடியற்காலை நாலு மணிக்கே முழித்து, எதிலும் பிடிப்பில்லாமல், "இனி நான் எதுக்கு" என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது மனச்சோர்வு. வேலையை விட்டவர்களிடம் வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும். தயவுசெய்து மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்க, வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிற தூக்க மாத்திரையை வாங்கிப் போடாதீங்க. வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதற்கு அந்த மாத்திரைகளும் ஒரு காரணம். ஏற்கெனவே பல மாதமாகச் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது அந்த 14 நாள் தாளையும் கையோடு எடுத்துட்டுப் போங்க. "தூக்கமே இல்லை சார்" என்று மட்டும் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. தாளை நீட்டினால் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பிப்பார்.